கதவைச் சாத்திக்கோங்க, ப்ளீஸ்!

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. எங்க லேடீஸ் ஹாஸ்டல் ஸ்டடி ஹால்ல முப்பது பேர் கூடுவோம். ஒரு கிடார், ஒரு டோலக், சுவத்துல ப்ரொஜெக்டர் போட்ட பாட்டு வரிகள். நடுவுல நின்னு பாடறது நான்தான். கண்ணை மூடிட்டுப் பாடினா சில சமயம் கண்ணீரே வந்துடும். 'அக்கா, நீங்க பாடினாலே மனசு என்னமோ பண்ணுது'னு ஜூனியர்ஸ் சொல்லுவாங்க. கேக்க சுகமாத்தான் இருக்கும்.

அந்த 'அக்கா' தனியா உக்காந்து ஜெபம் பண்ணி அப்போ நாலு மாசம் ஆகியிருந்தது. யாருக்கும் தெரியாது. எனக்கே அது உறைக்கல. உறைக்க வெச்சது வேற ஒரு சம்பவம்.

சர்ச்சுக்குப் போய்ப் பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 'ஜெபக்குறிப்பு'ன்னு ஒண்ணு உண்டு. யாருக்காவது உடம்பு சரியில்ல, வேலை கிடைக்கல, வீட்டுல பிரச்னைன்னா, 'இதுக்காக ஜெபிச்சுக்கோங்க'ன்னு மத்தவங்ககிட்ட சொல்றது. ரொம்ப நல்ல பழக்கம். ஊர்ல சின்ன நோட்டுல எழுதி வெச்சுப்பாங்க. எங்களுக்கு வாட்ஸ்அப் குரூப்.

போன வருஷம் ஒரு ராத்திரி, லைட்டை அணைச்ச பிறகு, என் ரூம்மேட் அவ வீட்டு விஷயம் ஒண்ணைச் சொன்னா. அவ அப்பா சம்பந்தப்பட்டது. என்ன விஷயம்னு இங்கே எழுதப் போறதில்ல. ஒரு தடவை ஊருக்குச் சொன்னதே போதும்! ஆமா, சொன்னது நான்தான். மறுநாள் காலையில, நல்லெண்ணத்தோட, 'என் ரூம்மேட்டோட அப்பாவுக்காக ஜெபியுங்கள்'னு ஆரம்பிச்சு நாலு வரி குரூப்ல போட்டேன். பேர் போடல. ஆனா, எங்க ரூம்ல இருக்கறதே மூணு பேர். மூணாவது பொண்ணுக்கு அப்பா இல்லைங்கறது ஹாஸ்டலுக்கே தெரியும். கணக்குப் போட இன்ஜினீயரிங் படிக்கணுமா என்ன?

டிபன் நேரத்துல மெஸ்ல ஒருத்தி வந்து அவ தோள்ல கை வெச்சு, 'கவலைப்படாத, நாங்க ப்ரே பண்றோம்'னு சொல்லிட்டுப் போனா. ரூம்மேட் என்னை ஒரு பார்வை பார்த்தா. தட்டுல ரெண்டு இட்லி அப்படியே இருந்தது. எழுந்து போயிட்டா. பதினோரு நாள் பேசல. ஒரே ரூம்ல, ஒரே பிளக் பாயின்ட்ல சார்ஜ் போட்டுக்கிட்டு, பதினோரு நாள்!

பன்னெண்டாவது நாள் பேசினப்போ அவ கேட்டது ஒரே கேள்விதான். "குரூப்ல போட்டியே... அதுக்கு முன்னாடி நீ எங்கப்பாவுக்காக ஒரு தடவையாவது ஜெபிச்சியா?"

இல்ல. டைப் பண்ணினேன், சென்ட் பண்ணினேன், 'ஆமென்' ஸ்டிக்கர் எத்தனை வந்திருக்குன்னு எண்ணினேன். அவ்வளவுதான்.

இந்த ஃபீச்சரோட தொடக்கம் அந்தக் கேள்விதான். கடவுளோட ஒரு மனுஷன் தனியா வெச்சிருக்கற உறவு இருக்கே, அதை ஹாஸ்டல்லயும் போன்லயும் எப்படிக் காப்பாத்திக்கறது? லீவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் எங்க ஊருக்குப் போனப்போ, ரிட்டயர்டு ஆயர் ஐயா ஒருத்தர்கிட்ட கேட்டேன். முழுக் கதையும் கேட்டவர், திட்டவே இல்ல. "யம்மா, மத்தேயு 6-ஆம் அதிகாரத்தை எடு"ன்னார்.

தெருமுனையில நின்னு எல்லாரும் பார்க்கற மாதிரி ஜெபிக்கறவங்களை இயேசு கிண்டல் பண்ற இடம் அது. நீ உள்ள போ, கதவைச் சாத்து, அப்புறம் பேசுன்னு சொல்றார். பழைய தமிழ் பைபிள்ல அந்த இடத்துக்கு 'அறைவீடு'ன்னு பேர். மூல கிரேக்கத்துல 'தமெயோன்'. அதுக்கு நேர் அர்த்தம், தானியமும் சாமானும் போட்டு வைக்கற உள்ரூம்! காகத்துக்குச் சேமிப்பு அறை கிடையாதுன்னு லூக்கா 12-ல வருமே, அங்கேயும் இதே வார்த்தைதான். அந்தக் காலத்து ஏழை வீட்டுல சாத்தறதுக்குன்னு உள்கதவு இருந்த ஒரே இடம் அதுவாத்தான் இருக்கும்னு வேத அறிஞர்கள் பலர் சொல்றாங்களாம்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஞாபகம் வந்தது எங்க ஆச்சி வீட்டு அரங்கு. அடுக்களைக்குப் பின்னாடி, ஜன்னல் இல்லாத சின்ன உள்ரூம். நெல் மூட்டை, தேங்காய், கருப்பட்டிக் கொட்டான். எறும்பு வேற. எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் முற்றத்துல நடக்கும். நாங்க எல்லாரும் சங்கீதம் வாசிச்சு, பாட்டுப் பாடி, கொட்டாவி விட்டு முடிப்போம். அதுக்கப்புறம் ஆச்சி தனியா அரங்குக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவா. அந்த நேரத்துல தாத்தாகூடக் கூப்பிட மாட்டார். உள்ளே என்ன பேசினான்னு இன்னிக்கு வரைக்கும் எங்க யாருக்கும் தெரியாது. ஆச்சி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு.

சரி, ஆச்சிக்கு அரங்கு இருந்தது. ஹாஸ்டல்ல மூணு பேருக்கு ஒரு ரூம். பாத்ரூம் கதவுக்கே பாதி நாள் கொண்டி கிடையாது. நாங்க எங்கே போறது?

இதுக்கு ஆயர் சொன்ன கதை சூப்பர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லியோட அம்மா, சூசன்னா வெஸ்லி. 1669-ல பிறந்தவங்க. பெத்தது பத்தொன்பது பிள்ளைகள். பாதிக்குப் பாதி கைக்குழந்தையிலேயே இறந்துபோச்சு. மிச்சப் பிள்ளைங்க வீடு முழுக்க ஓடும்போது தனிமைக்கு எங்கே போறது? போட்டிருக்கற ஏப்ரனை எடுத்துத் தலைக்கு மேல போட்டுக்குவாங்களாம். அம்மா ஏப்ரனுக்குள்ள இருந்தா தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பிள்ளைகளுக்கு ரூல். வழிவழியா சொல்லி வர்ற கதைதான் இது. ஆனா, படிச்சதும் எனக்குத் தோணினது... அட, நம்மகிட்ட துப்பட்டா இருக்கே!

நிஜமாவே பண்ணினேன். காலையில அஞ்சேகாலுக்கு மொட்டை மாடி, தண்ணித் தொட்டிப் பக்கம், துப்பட்டாவைத் தலையில போட்டுக்கிட்டு. போன் ரூம்லயே. முதல் நாள் எவ்வளவு நேரம் தாக்குப் பிடிச்சேன் தெரியுமா? நாலு நிமிஷம் இருக்கும். பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கறேன், போன் இல்ல. மணி என்ன ஆகியிருக்கும்? கீழே ஏதோ சத்தம், எட்டிப் பார்த்தா வாட்ச்மேன் தாத்தா. மெஸ்ல இன்னிக்கு பொங்கலா, உப்புமாவா? சிக்னல்ஸ் அசைன்மென்ட் யார் முடிச்சிருப்பா? ஜெபத்தைத் தவிர எல்லாம் வந்தது. 'நமக்கு இது சரிப்படாது, நாம பாட்டுப் பாடற கேஸ்'னு இறங்கி வந்துட்டேன்.

அந்த வாரம் எங்க ஏரியா சர்ச்சுக்குத் தியானம் நடத்த ஒரு சிஸ்டர் வந்திருந்தாங்க. ரூம்மேட் கத்தோலிக்கப் பொண்ணு, அவதான் கூட்டிட்டுப் போனா (பேச ஆரம்பிச்சிருந்தோம், ஆனா முழுசா இல்ல). என் நாலு நிமிஷக் கதையைக் கேட்டு சிஸ்டர் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "இது போனால வந்த வியாதி இல்லைம்மா. ஆயிரத்து அறுநூறு வருஷப் பழசு"ன்னாங்க.

நாலாம் நூற்றாண்டுல எகிப்து பாலைவனத்துல தனிக் குடில்ல தவம் பண்ணின துறவிகள்ல ஒருத்தர் எவாக்ரியுஸ். துறவியைத் தாக்கற எட்டு வகை எண்ணங்களைப் பத்தி எழுதினவர். அதுல ஒண்ணு 'அக்கேதியா'. சலிப்புன்னு சொல்லலாம், ஆனா அதைவிடக் கொஞ்சம் மோசம். உச்சி வெயில் நேரத்துல வரும். பொழுது நகரவே இல்லைன்னு தோணும். துறவி ஜன்னலை ஜன்னலைப் பார்ப்பார். சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்குன்னு வெளியே வந்து சூரியனை அளந்து பார்ப்பார். யாராவது பேச வர்றாங்களான்னு எட்டிப் பார்ப்பார். இந்த இடமே சரியில்ல, வேற எங்கேயாவது போனா நல்லா ஜெபிக்கலாம்னு நினைப்பார். ஸ்மார்ட்போன் இல்ல, மெஸ் மெனு இல்ல... ஆனா அப்படியே நான்! அதுக்கு அந்தக் காலத்து மருந்து ஒண்ணுதான். குடிலை விட்டு எழுந்து போகாத. சலிப்போடவே உக்காரு.

சிஸ்டர் இன்னொரு ஆளையும் அறிமுகப்படுத்தினாங்க. இயேசு சபையை ஆரம்பிச்ச இஞ்ஞாசியார். முதல்ல அவர் பக்காப் போர்வீரர். 1521-ல பாம்ப்லோனாவுல பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைஞ்சு, மாசக்கணக்குல படுக்கை. பொழுதுபோக வீரதீரக் கதைப் புத்தகம் கேட்டிருக்கார். வீட்டுல இருந்தது கிறிஸ்துவோட வாழ்க்கையும் புனிதர்கள் வரலாறும்தான். வேற வழியில்லாம படிச்சார். படுத்தபடியே ரெண்டு விதமாக் கனவு காண்பார். ஒரு சீமாட்டியைக் கவர்றதுக்கு சாகசம் பண்றது ஒண்ணு. புனிதர்கள் மாதிரி வாழறது இன்னொண்ணு. ரெண்டும் நினைக்கும்போது இனிச்சது. ஆனா முதல் கனவு கலைஞ்சதும் மனசு வறண்டுபோகும். ரெண்டாவது கலைஞ்ச பிறகும் சந்தோஷம் நிக்கும். அந்த வித்தியாசத்தைக் கவனிச்சதுல ஆரம்பிச்சதுதான் அவரோட ஆன்மிகமே.

ஈசிஇ ஸ்டூடன்ட் இதைக் கேட்டா என்ன தோணும்? டிரான்சியன்ட்டும் ஸ்டெடி ஸ்டேட்டும்! சுவிட்சைப் போட்டதும் துள்ளற துள்ளலை வெச்சு ஒரு சர்க்யூட்டை எடை போடக் கூடாது. அடங்கின பிறகு எதுல நிக்குதுன்னு பார்க்கணும். சனிக்கிழமை ஆறு மணிக்கு எனக்கு வர்ற கண்ணீர் எந்த ரகம்னு அப்போதான் யோசிச்சேன். பொய்யான கண்ணீர்னு சொல்ல மாட்டேன். ஆனா ஏழரைக்கு மெஸ்ல தோசைக்கு நிக்கறப்போ மிஞ்சறது, 'இன்னிக்கு நல்லாப் பாடினேன்ல?' மட்டும்தான்.

இஞ்ஞாசியார் வழியில வர்றவங்க தினமும் 'ஆன்மசோதனை' பண்ணுவாங்க. ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி அன்னிக்கு நாளை ரீவைண்ட் பண்ணிப் பார்க்கறது. எங்கே நன்றி சொல்லணும், எங்கே மனசு இறுகிப் போச்சு, நாளைக்கு என்ன... பத்து, பதினஞ்சு நிமிஷம். இது எனக்கு மாடியைவிட நல்லா ஒத்துவந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுப் பண்ணலாம். தூங்கிட்டா? "தூங்கு, பரவாயில்ல"ன்னாங்க சிஸ்டர்.

குரூப்ல போட்ட விஷயத்தையும் அவங்ககிட்ட சொன்னேன். ரூம்மேட் பக்கத்துலயே உக்காந்திருந்தா. சிஸ்டர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் பாவசங்கீர்த்தனத்தைப் பத்திச் சொன்னாங்க. அதுல கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் ஒரு குருவானவர் வெளியே சொல்லக் கூடாது, திருச்சபைச் சட்டமே அப்படி. 1393-ல பிராக் நகரத்து ஆத்துல ஒரு குருவானவரைத் தள்ளிக் கொன்னாங்க, ஜான் நெப்போமுக். ராணி பாவசங்கீர்த்தனத்துல சொன்னதை ராஜாகிட்ட சொல்ல மறுத்ததுதான் காரணம்னு பரம்பரையா ஒரு கதை. "நீ சாமியார் இல்லதான். ஆனா ராத்திரி லைட் அணைச்ச பிறகு ஒருத்தி உன்கிட்ட பேசினா, அதுவும் கிட்டத்தட்ட அந்த மாதிரி இடம்தான்"னாங்க. சொன்ன கையோட ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாங்க. "ரகசியம் வேற, ஆபத்து வேற. ஒரு பொண்ணு உயிரை விடப்போறேன்னு சொன்னாலோ, யாராவது அவளைக் கொடுமைப்படுத்தறாங்கன்னாலோ, ஜெபிச்சுட்டுச் சும்மா இருந்துடாத. நேரா வார்டனையோ டாக்டரையோ பாரு."

எனக்கு இன்னும் விடை தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. அன்னை தெரசா 1997-ல இறந்தாங்க. பத்து வருஷம் கழிச்சு, 2007-ல, அவங்க தன்னோட ஆன்ம குருக்களுக்கு எழுதின கடிதங்கள் புத்தகமா வந்தது. உள்ளுக்குள்ள கடவுள் இருக்கறதே தெரியாத இருட்டை வருஷக்கணக்கா சுமந்திருக்காங்கன்னு உலகத்துக்கே அப்போதான் தெரிஞ்சது. மாடியில வறண்டுபோய் உக்காந்திருக்கற என்னை மாதிரி ஆளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனா, அந்தக் கடிதங்களை அழிச்சுடுங்கன்னு அவங்க கேட்டுக்கிட்டிருந்தாங்க. அவங்க சாத்தி வெச்ச கதவு அது. நாம திறந்துட்டோம். நான் படிச்சது சரியா, தப்பா? ரூம்மேட் தப்புங்கறா. அவளுக்கு அப்படிச் சொல்ல உரிமை இருக்கு.

குரூப்ல இப்போ ஒரு புது ரூல். யாருக்காக ஜெபிக்கணுமோ, அவங்களே சொன்னாத்தான் போடணும். 'ஒரு தோழிக்காக'ன்னு மட்டும் போட்டா போதும், கடவுளுக்கு ரோல் நம்பர் தேவையில்லைன்னு ஒரு ஜூனியர் சொன்னா. லெந்து நாப்பது நாளும் நான் ஸ்டேட்டஸ்ல வசனம் போடல. 'என்னாச்சு, பேக்ஸ்லைட் ஆயிட்டியா?'ன்னு ரெண்டு பேர் கேட்டாங்க! சிரிச்சு வெச்சேன். சனிக்கிழமை இன்னும் பாடறேன். மாசத்துல ஒரு வாரம் பின்வரிசையில உக்காந்துக்கறேன்; வேற பொண்ணு பாடறா. என்னைவிட நல்லாப் பாடறா. அதை ஒத்துக்கறதுக்கே மூணு ராத்திரி ஆன்மசோதனை ஆச்சு.

போன மாசம் ஒரு ராத்திரி, லைட் அணைச்சு ரொம்ப நேரம் கழிச்சு, பக்கத்துக் கட்டில்ல இருந்து குரல் வந்தது. "தூங்கிட்டியா?" இல்லைன்னேன். அப்பாவைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசினா. நான் 'ம்' மட்டும் சொன்னேன். அவ தூங்கினதும் சுவர்ப் பக்கமாத் திரும்பிப் படுத்து, துப்பட்டாவை இழுத்து முகத்துல போட்டுக்கிட்டேன்.

மாடல் எக்ஸாம் வருது. தண்ணித் தொட்டிப் பக்கம் காலையில அஞ்சு மணிக்கே நாலு பேர் புக்கோட இடம் பிடிச்சுடறாங்க. வேற இடம் பார்க்கணும். மூணாவது மாடியில அயர்ன் பண்ற ரூம் ஏழு மணி வரைக்கும் காலியா இருக்குமாம். ஆனா, அதுக்குக் கதவு இல்ல.