அவரிடமே கேளுங்கள்

ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் குற்றாலத்துச் சாலைகளில் வண்டிகள் வரிசையாக நிற்கத் தொடங்கும். குடும்பத்தார் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்கோ ஐந்தருவிக்கோ சென்ற பிறகு, சில வண்டிகளுக்குள் ஒருவர் மட்டும் தனியே அமர்ந்திருப்பதைக் காணலாம். பக்கவாதத்தால் கை, கால் செயலிழந்த தந்தையாராக இருக்கலாம். நடக்க இயலாத மகளாக இருக்கலாம். “பாறை வழுக்கும், கூட்டம் அதிகம், நீங்கள் இங்கேயே இருங்கள்” என்று அன்போடுதான் சொல்லிச் சென்றிருப்பார்கள். ஆனால், “உங்களுக்கு வர விருப்பமா?” என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மருத்துவமனையிலும் இக்காட்சியைக் காண்கிறோம். நோயாளி சக்கர நாற்காலியில் இருக்க, “இவர் நன்றாக உறங்குகிறாரா? வலி குறைந்திருக்கிறதா?” என்ற வினாக்கள் பின்னால் நிற்கும் உறவினரை நோக்கிச் செல்கின்றன. விடையும் அங்கிருந்தே வருகிறது. மருத்துவத் துறையினராகிய எங்களிடமும் இப்பிழை உண்டு. உடலின் ஒரு செயல் குன்றியதும் அந்த மனிதரின் சொல்லும் குன்றிவிட்டதாக நாம் எண்ணிவிடுகிறோம். மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய சட்டங்கள் முதலில் திருத்த முனைவது இந்த எண்ணத்தைத்தான்.

ஆய்க்குடி காட்டிய வழி

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ஆம் ஆண்டு கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொண்டார். அங்கு நேர்ந்த விபத்தில் கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அந்நிலையில் ஊர் திரும்பிய அவர், 1981-ஆம் ஆண்டு அமர் சேவா சங்கத்தை நிறுவினார். ஐக்கிய நாடுகள் அவை உடல் ஊனமுற்றோருக்கான பன்னாட்டு ஆண்டாக அறிவித்த ஆண்டும் அதுவே. தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அவர் சங்கத்துக்குச் சூட்டினார்.

தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளரான எஸ். சங்கரராமன் 1992-இல் அவரோடு இணைந்தார். சில குழந்தைகளோடு சிறிய அளவில் தொடங்கிய பணி, பள்ளியாகவும், மறுவாழ்வு மையமாகவும், தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கான பயிற்சி இடமாகவும், சிற்றூர்தோறும் சென்று செய்யும் சேவையாகவும் வளர்ந்தது. 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

விருதைவிட நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவ்விருவரும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அலுவலர்களோடும் அரசோடும் தாமே பேசினார்கள். அவர்களுக்காக வேறு எவரும் முடிவெடுக்கவில்லை. பிறர் செய்த உதவி, அவர்களுடைய முடிவு நிறைவேறத் துணை நின்றது. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய முடிவு எதுவும் அவர்களை விலக்கிவிட்டு எடுக்கப்படலாகாது என்பது உலகெங்கும் இவ்வியக்கத்தார் கூறும் கருத்து. 2025-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் நகர்ப்புற, ஊரக உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வகைசெய்யும் சட்டத்திருத்தம் நிறைவேறியதும் இக்கருத்தின் வழியே ஆகும்.

பேச ஆளில்லாதபோது

எல்லாராலும் இவ்விருவரைப் போலத் தம் சொல்லைத் தாமே நிலைநாட்டிக்கொள்ள இயலுமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இயலாமற்போகலாம். அவ்வேளையில் பரிந்து பேச ஒருவர் தேவை. அப்படி ஒருவரும் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தமிழகம் கண்டது. மனநலம் குன்றியோர் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட வழியின்றி 28 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலரைக் குணமாக வேண்டும் என்ற நம்பிக்கையோடு குடும்பத்தாரே கொண்டுவந்து விட்டிருந்தனர். அன்பு இல்லாமல் இல்லை. “எனக்கு இந்தச் சங்கிலி வேண்டாம்” என்ற சொல்லைக் கேட்டு, அதை உரிய இடத்தில் எடுத்துரைக்கத்தான் ஆள் இல்லை.

இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 எவரையும் சங்கிலியால் பிணைப்பதை எவ்விதத்திலும் அனுமதிப்பதில்லை. அத்துடன், வயதுவந்த எவரும் தம் சார்பில் பேசும் பிரதிநிதி ஒருவரைத் தாமே நியமித்துக்கொள்ள அச்சட்டம் உரிமை தருகிறது. வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ இட்டால் போதும். பின்னர் மனம் மாறினால் அந்த நியமனத்தை நீக்கவும் செய்யலாம்.

சார்பற்றவர் எனப்படுபவர் யார்?

பரிந்து பேசுபவர் சார்பற்றவராகவும் இருக்க வேண்டும் என்பார்கள். அவர் மருத்துவமனைக்கோ, அலுவலகத்துக்கோ, சொத்தில் பங்குள்ள உறவினருக்கோ கடமைப்பட்டவராக இருத்தல் கூடாது என்பதே இதன் பொருள். தாம் நல்லது என்று கருதுவதை அவர் கூறுவதில்லை. உரியவர் விரும்புவதை அறிந்து, அதனையே எடுத்துரைக்கிறார்.

இது குடும்பத்தார் மீது ஐயம் கொள்வதாகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இவ்விடத்தில் மிக நுட்பமாக நடந்துகொள்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு வாழ்வின் எல்லாத் துறைகளிலும் பிறருக்கு இணையான சட்டத் தகுதி உண்டு என்றும், சொத்து வைத்திருக்கவும் தம் பணத்தைத் தாமே கையாளவும் உரிமை உண்டு என்றும் அதன் 13-ஆம் பிரிவு கூறுகிறது. துணை நிற்பவருக்கும் உரியவருக்கும் இடையே பணம் அல்லது சொத்து பற்றிய ஒரு நடவடிக்கையில் நலன்கள் முரண்படுமானால், அந்நடவடிக்கையில் துணை நிற்பவர் விலகிக்கொள்ள வேண்டும். ஆயினும் இரத்த உறவு என்ற ஒரே காரணத்தால் அத்தகைய முரண்பாடு இருப்பதாகக் கருதலாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. தம் துணை ஏற்பாட்டை மாற்றவும் கைவிடவும் உரியவருக்கு உரிமை உண்டு.

முழுமையான துணை அளித்தும் ஒருவரால் சட்டப்படி கட்டுப்படுத்தும் முடிவை எடுக்க இயலாதபோது மட்டும் 14-ஆம் பிரிவின்படி வரையறைக்குட்பட்ட காப்பாளர் நியமிக்கப்படுகிறார். அவரும் குறிப்பிட்ட முடிவுக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, உரியவரின் விருப்பத்துக்கு இணங்கவே செயற்பட வேண்டும். புற உலகச் சிந்தனையற்றோர், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கிறது.

மருத்துவமனையில் தங்கள் உரிமை

2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன் 25-ஆம் பிரிவு, அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிச் சென்றுவர வழி இருத்தல் வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளைக் கவனிப்பதிலும் சிகிச்சை அளிப்பதிலும் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. ஆகவே, சாய்தளம் எங்கே என்று கேட்பதற்கும் முன்னுரிமை கோருவதற்கும் எவரும் கூச்சப்பட வேண்டாம். கருவுறும் திறனை இழக்கச் செய்யும் எந்தச் சிகிச்சையையும் உரியவரின் அறிந்த, தடையற்ற ஒப்புதலின்றிச் செய்யலாகாது என்பது 10-ஆம் பிரிவு. குழந்தைகளுக்கும் தம்மைப் பற்றிய செய்திகளில் கருத்துக் கூறும் உரிமை உண்டு.

குறைபாட்டின் அளவு 40 விழுக்காடும் அதற்கு மேலும் எனச் சான்றளிக்கப்பட்டால், அரசுப் பணியில் 4 விழுக்காடும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. இவற்றுக்கு வாயிலாக அமைவது தனித்துவ அடையாள அட்டை. அதனைப் பெறாதோர் தாமதியாது விண்ணப்பிக்க வேண்டுகிறோம்.

உரிமை மறுக்கப்படுமானால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு அளிக்கலாம். 2019 நவம்பர் 22-ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியபின் இதற்காகத் திருநெல்வேலி வரை செல்ல வேண்டிய நிலை இல்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும், அதற்கு மேல் மாநில ஆணையரையும் அணுகலாம். வன்கொடுமை நிகழ்வதாகத் தெரிந்தால், எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன்படி மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி பெறுவர். 15100 என்ற எண்ணை அழைத்தால் அதற்கு வழி கூறுவார்கள்.

பராமரிப்போருக்கு ஒரு விண்ணப்பம்

இரவும் பகலும் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளும் தங்களின் உழைப்பை நாங்கள் அறிவோம். “எல்லாவற்றையும் நான்தானே செய்கிறேன், முடிவை மட்டும் ஏன் அவரிடம் கேட்க வேண்டும்?” என்று சோர்வுற்ற வேளையில் தோன்றுவது இயல்பே. எனினும் சில பழக்கங்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

மருத்துவர் தங்களை நோக்கி வினவினால், “அவரே சொல்வார்” என்று நோயாளியின் பக்கம் திரும்புங்கள். பக்கவாதத்துக்குப்பின் பேச்சை இழந்தவர், பிறர் பேசுவதைப் பெரும்பாலும் புரிந்துகொள்பவராக இருக்கக்கூடும். ஆம், இல்லை என்று விடைகூறத்தக்க சிறு வினாக்களாகக் கேளுங்கள். தலையசைவு, கண்ணிமைப்பு, படம் காட்டிச் சுட்டுதல் ஆகிய யாவும் மொழியே. விடை வரும்வரை பொறுத்திருங்கள். அவர் சொல்வது தங்களுக்கு உடன்பாடில்லாததாக இருந்தாலும், முதலில் அதனை அவர் சொன்னபடியே மருத்துவரிடம் கூறுங்கள். தங்கள் கருத்தைப் பின்னர்த் தனியே கூறலாம். தாங்கள் இல்லாதபோது சில நிமிடங்கள் மருத்துவரோடோ செவிலியரோடோ தனித்துப் பேச அவருக்கு இடம் கொடுங்கள்.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் செல்லும்போது, வண்டியை விட்டு இறங்குமுன் ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். “வர விருப்பமா?” என்று கேளுங்கள். “வேண்டாம், இங்கேயே இருக்கிறேன்” என்று அவர் சொல்லக்கூடும். அது அவர் எடுத்த முடிவு. “வருகிறேன்” என்றால், கூட்டம் குறைந்த வேளை எது, சக்கர நாற்காலி எதுவரை செல்லும், தூக்க எத்தனை பேர் வேண்டும் என்பன அதன்பின் எண்ணவேண்டியவை. அருவிவரை செல்ல இயலாமற்போனாலும், சாரல் படும் தொலைவுவரையேனும் அவர் தம் விருப்பப்படி வந்திருப்பார்.