இளைத்தபின் என்ன?

நம் ஊரில் ஒருவர் இளைத்துவிட்டால் அவரை யாரும் பாராட்டுவதில்லை. துக்கம் விசாரிப்பது போல் விசாரிக்கிறார்கள். "ஏன் இப்படித் துரும்பாகப் போய்விட்டீர்கள்? உடம்புக்கு என்ன? வீட்டில் ஏதேனும் கவலையா?" என்று கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் பத்து நாள் விருந்துண்டு திரும்பியவரைக் கண்டாலோ, "இப்போதுதான் ஐயா, முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது!" என்று சந்தோஷப்படுகிறார்கள். பஞ்சத்தையும் பசியையும் தலைமுறை தலைமுறையாகக் கண்ட தேசத்தில், சதைப்பற்று க்ஷேமத்தின் அடையாளமாக எண்ணப்பட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆனால் காலம் மாறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில், சென்னை டாக்டர்கள் முன்னின்று நடத்திய மாபெரும் கணக்கெடுப்பின் முடிவு 2023-ஆம் வருஷம் வெளியாயிற்று. நம் நாட்டில் நீரிழிவு உடையவர்கள் 10 கோடிக்கு மேல் என்றும், வயது வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் நால்வருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது என்றும் அது மதிப்பிட்டது. ஆகவே, "எடையைக் குறையுங்கள்" என்ற வார்த்தை இன்று வைத்தியரிடம் போய்வரும் எல்லோர் காதிலும் விழுகிறது.

கேட்டவர்கள் சும்மா இருப்பதில்லை. தை மாதம் முதல் தேதி விரதம் ஆரம்பிக்கிறார்கள். புதுப் பாதரட்சை வாங்கிக் கடற்கரைக்கு நடக்கிறார்கள். ஐந்து கிலோ குறைக்கவும் செய்கிறார்கள். சித்திரை பிறப்பதற்குள் அந்த ஐந்து கிலோவும், துணைக்கு இன்னும் இரண்டு கிலோவும், வீடு திரும்பிவிடுகின்றன. இளைப்பது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள் ஏராளம். மனிதனை இளைக்கத் தூண்டுவது எது, இளைத்தபின் அவனை அப்படியே நிறுத்துவது எது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். இரண்டும் ஒன்றல்ல என்பது நம் அபிப்பிராயம்.

லண்டன் கனவானின் பாதரட்சை

இவ்விஷயத்தில் ஆதி புருஷர் என்று சொல்லத்தக்கவர் வில்லியம் பான்டிங் என்ற லண்டன்வாசி. இறந்தவர்களின் இறுதி ஊர்வலத்துக்கு வேண்டியவற்றைச் சித்தம் செய்து கொடுப்பது அவருடைய குடும்பத் தொழில். இங்கிலாந்தின் அரச குடும்பத்தாரே அவர்களுடைய வாடிக்கைக்காரர்கள். ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள பான்டிங், 1862-ஆம் வருஷம் ஆகஸ்டில் 202 ராத்தல், அதாவது சுமார் 92 கிலோ, எடை இருந்தார். குனிந்து தம் பாதரட்சையின் கயிற்றைக் கட்ட அவரால் முடியவில்லை. மாடியிலிருந்து இறங்கும்போது முழங்காலுக்கு நோகாதிருக்கப் பின்புறமாகவே மெள்ள மெள்ள இறங்குவார். வீதியிலும் வண்டியிலும் பிறர் சொல்லும் பரிகாசத்துக்கு அஞ்சி, நாலு பேர் கூடும் இடங்களையே தவிர்த்து வந்தார்.

படகு வலித்துப் பார்த்தார். உடம்போடு பசியும் வலுத்தது. வெந்நீர் ஸ்நானங்களும் ஊற்றுநீர் ஸ்தலங்களும் பயன் தரவில்லை. கடைசியில் காது மந்தமாகிறதென்று வில்லியம் ஹார்வி என்ற காது வைத்தியரிடம் போனார். அவரோ காதைப் பார்த்துவிட்டு ஆகாரத்தை மாற்றச் சொன்னார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பான்டிங் விலக்கினார். ஒரு வருஷ காலத்தில் 46 ராத்தல் குறைந்தது. 1863-ல் அவர் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கிய சிறு பிரசுரம் அவர் பெயரையே ஒரு வினைச்சொல்லாக்கிவிட்டது. ஸ்வீடன் தேசத்து மொழியில் பத்திய உணவு உண்பதற்கு இன்றும் 'பான்டா' என்றுதான் பெயர். 1878-ல் தமது 81-வது வயதில் அவர் காலமானார்.

அவருடைய பத்தியத்தை இங்கே நாம் சிபாரிசு செய்யவில்லை. நம் கவனத்துக்குரியது வேறு. தாம் பெற்ற லாபத்தைச் சொல்ல வந்த அந்த முதியவர் ராத்தல் கணக்கோடு நிறுத்தவில்லை. மாடிப்படியில் எல்லோரையும் போல இயல்பாக இறங்குகிறேன், என் காரியங்களை நானே செய்துகொள்கிறேன், காதும் தெளிவாகக் கேட்கிறது என்று மகிழ்ந்தார். பயமும் வெட்கமும் அவரை வைத்தியர் வாசலுக்குத் தள்ளின. ஆனால் பிறர் உதவியின்றிக் காலையில் கட்டிக்கொண்ட பாதரட்சை, தினந்தோறும் அவருக்குப் புதிதாகக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தது.

கடையில் கேட்ட ஒரு கேள்வி

அடுத்து, அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து ஜீன் நைடெச் என்ற குடும்ப ஸ்திரீயைப் பார்ப்போம். 1961-ல் அவர் எடை 214 ராத்தல். ஒருநாள் கடையில் எதிர்ப்பட்ட அறிமுகக்காரி ஒருத்தி, "பார்க்க நன்றாயிருக்கிறாய். பிரசவம் எப்போது?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் கர்ப்பிணி அல்ல. மனம் நொந்து, நகரச் சுகாதார இலாகா நடத்திய வைத்திய சாலைக்குச் சென்று பத்தியம் ஆரம்பித்தார்.

அவமானம் கொடுத்த வேகம் பத்து வாரத்தில் தளர்ந்தது. யாருக்கும் தெரியாமல் பிஸ்கோத்துத் தின்னும் பழக்கம் அவரை விடவில்லை. அதை வைத்திய சாலையில் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே தம்மைப் போலவே பருத்த ஆறு சிநேகிதிகளை வீட்டுக்கு அழைத்து, அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னார். அவர்களும் தத்தம் திருட்டுத் தீனிகளைச் சொன்னார்கள். வாராவாரம் கூடிப் பேசினார்கள். 1962 அக்டோபருக்குள் அந்த அம்மாள் 72 ராத்தல் குறைந்தார். அந்தக் கூடம்தான் 1963-ல் 'வெயிட் வாச்சர்ஸ்' என்ற உலகப் பிரசித்தி பெற்ற ஸ்தாபனமாயிற்று. 2015-ல் 91-வது வயதில் இறக்கும் வரை அவருடைய பெயர் அதனோடு சேர்த்தே பேசப்பட்டது. ஆரம்பித்து வைத்தது ஒரு சுடுசொல். நிலைநிறுத்தியது ஆறு பேருடைய அனுதாபம்.

தேகத்தின் பிடிவாதம்

"மனத்தில் உறுதியிருந்தால் போதாதா? எதற்கு இத்தனை துணை?" என்று சிலர் கேட்கலாம். போதாது என்று இன்றைய விஞ்ஞானம் தெளிவாகச் சொல்கிறது.

தேகம் தன் சேமிப்பைச் சுலபத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. கொழுப்புத் திசுக்கள் 'லெப்டின்' என்ற ஒரு ஹார்மோனை ரத்தத்தில் சுரந்து, "இங்கே சேமிப்பு இருக்கிறது" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. 1994-ல் இது கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்புக் கரைந்தால் இந்தச் செய்தி மங்குகிறது. உடனே மூளை பஞ்சம் வந்துவிட்டதென்று எண்ணிப் பசியைக் கிளப்பிவிடுகிறது; செலவையும் சுருக்குகிறது. அமெரிக்காவில் டெலிவிஷன் போட்டி ஒன்றில் அதிவேகமாக இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, 13 பேர் இழந்த எடையில் கொஞ்சமாவது திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்களுடைய தேகம் ஓய்வாயிருக்கும்போது செலவிடும் சக்தியோ, எதிர்பார்க்கத்தக்கதைக் காட்டிலும் தினம் சராசரி 500 கலோரி குறைவாகவே இருந்தது.

இப்போது பேர் பெற்றிருக்கும் ஊசி மருந்துகளும் இதையே மெய்ப்பிக்கின்றன. அவை பசியை அடக்கி எடையை நன்றாகக் குறைக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. எனினும், 'செமாக்ளுடைடு' என்ற மருந்தை நிறுத்தியவர்கள் ஒரே வருஷத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள் என்று 2022-ல் தெரியவந்தது. ஆகையால், மறுபடியும் பருத்தவரை மன உறுதியில்லாதவர் என்று நிந்திப்பது அநியாயம். அவர் பிறவியோடு வந்த ஒரு காவற்காரனோடு மல்லுக்கு நிற்கிறார்.

ஏளனம் மருந்தாகுமா?

ஆயினும் நம்மவர்கள் பலர் நிந்தனையையே மருந்தென்று நினைக்கிறார்கள். "நாலு பேர் சிரித்தால்தான் புத்தி வரும்" என்பது அவர்கள் கட்சி. அமெரிக்காவில் 50 வயது கடந்த 6,000-க்கு மேற்பட்டவர்களை நாலு வருஷ இடைவெளியில் கவனித்த ஓர் ஆராய்ச்சி 2013-ல் வெளியாயிற்று. எடையைக் காரணமாக வைத்து இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள், அப்படி நேராதவர்களைக் காட்டிலும் பின்னால் பெரும் பருமனாகும் சாத்தியம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருந்தது.

உபாத்தியாயர் தொழிலில் இருக்கும் நமக்கு இதில் வியப்பில்லை. வகுப்பில் 'குண்டு' என்று பட்டப்பெயர் சூட்டப்பட்ட சிறுவன் விளையாட்டு மைதானத்துக்குப் போக மாட்டான். சுவர் ஓரமாக நின்றுவிடுவான். ஓடினால் சிரிப்பார்கள் என்ற பயம் அவனை ஓடாமல் செய்கிறது. ஓடாததனால் உடம்பு இன்னும் கனக்கிறது. வீட்டிலோ அத்தையும் மாமாவும் அதே பெயரைச் செல்லமாகச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, மறு நிமிஷமே இன்னொரு ஜாங்கிரியை அவன் தட்டில் வைக்கிறார்கள்! பரிகாசம் சிலரை ஒருநாள் கிளப்பிவிடலாம். ஆனால் அதை உண்டு வாழ்நாள் முழுவதும் நடக்க யாராலும் இயலாது.

நிலைத்தவர்கள் செய்வது

அப்படியானால் நிலைத்து நின்றவர்களே இல்லையா? உண்டு. ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரு அமெரிக்க நிபுணர்கள் அத்தகையவர்களைத் தேடி 1994-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 30 ராத்தல், அதாவது சுமார் 13½ கிலோ, குறைத்து ஒரு வருஷமாவது அந்நிலையைக் காத்தவர்களே அதில் சேரலாம். 10,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். தாமாக முன்வந்தவர்கள் ஆகையால், அவர்கள் செய்ததெல்லாம் எல்லோருக்கும் பலிக்கும் என்று சாதிக்க முடியாது. ஆனாலும் அவர்கள் வழக்கங்களில் காணும் ஒற்றுமை கவனிக்கத்தக்கது. பெரும்பாலோர் தினம் சுமார் ஒரு மணி நேரம் தேகாப்பியாசம் செய்கிறார்கள். பலருக்கு அது வெறும் நடையே. நால்வரில் மூவர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். காலை ஆகாரத்தை விடுவதில்லை. இரண்டு வருஷத்தைத் தாண்டியவர்களுக்கு மேற்கொண்டு காப்பது வரவர எளிதாகிறது.

இவர்களில் சிலரைக் கிளப்பிவிட்டது வைத்தியரின் எச்சரிக்கை, சிலரைக் கண்ணாடி, சிலரைத் தம் தந்தைக்கு வந்த மாரடைப்பு. வைத்தியக் காரணத்தால் தொடங்கியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே நிலைத்தார்கள் என்று 2004-ல் எழுதினார்கள். தேகத்தில் ஓர் உண்மையான நன்மையை நாடித் தொடங்கியவனுக்கு அந்த நன்மை நாள்தோறும் கண்ணுக்குத் தெரிகிறதல்லவா? கல்யாணப் புகைப்படத்துக்காக இளைத்தவனுக்கோ, புகைப்படம் எடுத்தாயிற்று என்றால் காரணமும் தீர்ந்து போகிறது.

நம் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான பரிசோதனை மிகவும் ஆறுதல் தருவது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். நடையும் ஆகார ஒழுங்கும் கைக்கொண்டவர்களுக்கு, சுமார் இரண்டரை வருஷத்தில், வியாதி வரும் அபாயம் 28.5 சதவிகிதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது! தராசு முள் அசையவில்லை என்று மனம் ஒடிந்து நடையை நிறுத்துகிறவர்கள் இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியர்களுக்குத் தராசைப் போலவே இடுப்பளவு நாடாவும் முக்கியம். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை.

ஒரு வீட்டு அடுப்பு

இனி வீட்டு விஷயம். ஒருவர் பத்தியம் இருக்க, மற்ற எல்லோரும் எதிரே அமர்ந்து பஜ்ஜி தின்னும் வீட்டில் எந்த விரதமும் ஒரு மாதம் தாங்காது. அதிலும் நம் தாய்மார்களின் கஷ்டம் தனி. சமைக்கும்போது ருசி பார்ப்பது, குழந்தை மிச்சம் வைத்ததைப் பாழாக்க மனமின்றித் தான் உண்பது, எல்லோரும் உண்டபின் நேரங்கெட்ட நேரத்தில் இலை போடுவது, இவை அத்தனையும் அவர்கள் கணக்கில்தான் ஏறுகின்றன. "நீ கொஞ்சம் இளைத்தால் தேவலை" என்று மனைவியிடம் சொல்லும் கணவர், மாலையில் அரைமணி நேரம் அடுக்களையைத் தாம் ஏற்றுக்கொண்டு, அந்த அம்மாளை நடந்துவர அனுப்பினால் அதுவே சிறந்த உபதேசம். வந்த விருந்தினரை "இன்னும் ஒன்றே ஒன்று" என்று நிர்ப்பந்திப்பதையும் நாம் உபசாரக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

காந்தி மகான் தமது ஆசிரம விரதங்கள் பதினொன்றில் நாவடக்கத்தையும் சரீர உழைப்பையும் சேர்த்தார். அவற்றைத் தனி மனிதனின் வைராக்கியத்துக்கு மட்டும் விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே சமையலறை, ஒரே பந்தி, எல்லோருக்கும் வேலை என்று ஒரு சமூகத்தையே அமைத்து, அதன் நடுவில் விரதத்தை நட்டார். நம் குடும்பங்களும் அவ்வாறே செய்யலாம்.

இளைக்க விரும்பும் அன்பர்களே, முதலில் உங்கள் காரணத்தைத் தேடிக் கண்டுகொள்ளுங்கள். பிறர் கண்ணுக்காக வேண்டாம். பேரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதற்காக இருக்கட்டும்; தரையில் அமர்ந்து பூஜை செய்து, கை ஊன்றாமல் எழுவதற்காக இருக்கட்டும். பிறகு உங்களோடு நடக்க ஒரு துணையைத் தேடுங்கள். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் மறுபடியும் தொடங்குங்கள். உங்களோடு இருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை இளைத்த ஒருவரைக் கண்டால், "உடம்புக்கு என்ன?" என்று கேளாதீர்கள். "நாளைக் காலையில் நானும் நடக்க வரட்டுமா?" என்று கேளுங்கள்.