பழைய லேப்டாப்புக்குப் புதிய வயர்லெஸ் கார்டு



பருப்பு, வத்தல், மல்லி என்று சரக்கு விவரமே எழுதிப் பழகிய நாம் இம்முறை லேப்டாப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இன்று தராசு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் பில் போடும் கருவி. சரக்கு தயார், வண்டி தயார், ஆள் தயார். நெட் மட்டும் கிடைக்கவில்லை என்றால் வியாபாரம் நின்று போகிறது. இந்தக் குறைக்கு நாம் கண்ட காரணத்தையும், செய்த தவறுகளையும், தீர்த்த வழியையும் உறுப்பினர்களின் பயனுக்காகச் சொல்கிறோம்.

நமக்கு நேர்ந்தது

2023 ஆகஸ்டு 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்கள் இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அந்த மாதமே ஒரு மாலை, விருதுநகரில் உள்ள நமது கிட்டங்கியிலிருந்து கொல்லத்துக்கு வத்தலும் மல்லியும் ஏற்றிய லாரி புறப்படத் தயாராக நின்றது. வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு. இ-வே பில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. கல்லா மேசையில் இருந்த லேப்டாப்பிலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய வண்டி பத்து மணி வரை நின்றது.

பில் போடும் தம்பியைச் சுமை தூக்குவோர் முன்னிலையிலும் ஓட்டுநர் முன்னிலையிலும் கடிந்து பேசிவிட்டோம். "வேலை தெரியாவிட்டால் சொல்லிவிடு" என்று வார்த்தையையும் விட்டோம். அவர் பதில் பேசாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, ரவுட்டர் இருக்கும் பின் அறைக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் பில் வந்துவிட்டது.

மறுநாள் காலை தம்பி தம் கைபேசியை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடம் ஒன்று, வைஃபை ஒன்று. கைபேசியில் பக்கங்கள் உடனே திறந்தன; லேப்டாப்பில் திணறின. "லைன்ல கோளாறு இல்ல அண்ணாச்சி, இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் உள்ளே தீப்பெட்டியைவிடச் சிறிய பச்சை அல்லது கறுப்பு நிறத் தகடு ஒன்று இருக்கும். இரண்டு மெல்லிய வயர்கள் அதன் தலையில் செருகப்பட்டிருக்கும். இதுவே வயர்லெஸ் கார்டு. ரவுட்டரோடு பேசுவது இதன் வேலை. வயர்கள் கீல் வழியாகத் திரையின் ஓரத்துக்குப் போய் ஆன்டெனாவாக முடிகின்றன. பெரும்பாலான கார்டுகளில் புளூடூத்தும் சேர்ந்தே இருக்கும்.

வைஃபையில் தலைமுறைகள் உண்டு. 1999ல் வந்தது 11 மெகாபிட் வேகம் உடையது. 2003ல் வந்தது 54 மெகாபிட். 2009ல் வந்த தலைமுறையை இன்று வைஃபை 4 என்றும், 2013ல் வந்ததை வைஃபை 5 என்றும் அழைக்கிறார்கள். வைஃபை 6க்கு 2019லும், வைஃபை 7க்கு 2024லும் சான்றளிக்கத் தொடங்கினார்கள்.

நமது லேப்டாப் 2016ல் வாங்கியது. அப்போது வைஃபை 5 சந்தைக்கு வந்துவிட்டது. ஆனாலும் விலை குறைந்த லேப்டாப்புகள் பலவற்றில் வைஃபை 4 கார்டையே, அதிலும் ஒரே ஆன்டெனாவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் மட்டும் உள்ளதையே பொருத்தினார்கள். நமக்குக் கிடைத்ததும் அதுதான். வாங்கும்போது திரை எத்தனை அங்குலம் என்று கேட்டோமே தவிர, இதைக் கேட்கவில்லை.

கடைத்தெருவில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை?

2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு குறுகலான தெரு. ஒன்றோடொன்று இடிக்காமல் போகக்கூடிய தடங்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. பஜாரில் கடைக்கு ஒரு ரவுட்டர் இருக்கிறது. எல்லாரும் இந்த மூன்று தடங்களிலேயே நெருக்கியடிக்கிறார்கள். சிக்னல் கோடுகள் நிறையக் காட்டினாலும் வேலை நடக்காமல் போவது இதனால்தான். வீட்டில் நன்றாக ஓடும் லேப்டாப் கடையில் திணறுவதும் இதனால்தான்.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலமான சாலை; தடங்கள் அதிகம், நெரிசல் குறைவு. ஒரு ஆன்டெனா உள்ள பழைய கார்டு 2.4ல் வழக்கமான தடத்தில் அதிகபட்சம் 72 மெகாபிட் வேகத்தில் இணையும். இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 5 கார்டு 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட் வரை இணையும். இவை ஏட்டளவு வேகங்கள், நடைமுறையில் குறையும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஊடுருவுவதில் 2.4ஐவிடப் பலவீனமானது. கனமான கிட்டங்கிச் சுவர்களும் இரும்பு ஷட்டரும் நடுவில் இருந்தால், எந்தக் கார்டு போட்டாலும் பயன் குறைவு. அங்கே ரவுட்டரை நகர்த்துவதே மருந்து.

செலவு செய்யுமுன் பார்க்க வேண்டியவை

ஒன்று: நமது தம்பி செய்தது போல, அதே இடத்தில் கைபேசியை வைத்துப் பாருங்கள். மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையில் மட்டும் பார்க்க வேண்டும். கைபேசியும் திணறினால் குறை லைனிலோ ரவுட்டரிலோ இருக்கிறது.

இரண்டு: லேப்டாப்பை ரவுட்டரோடு லேன் வயரால் இணைத்துப் பாருங்கள். வயரில் நன்றாக ஓடி, வைஃபையில் மட்டும் திணறினால் கார்டைச் சந்தேகிக்கலாம். மேசை நகராத கடையானால் அந்த வயரையே நிரந்தரமாகப் போட்டுவிடுவது எல்லாவற்றிலும் மலிவான, உறுதியான தீர்வு.

மூன்று: டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற இடத்தில் கார்டின் பெயர் இருக்கும். அதன் டிரைவரைப் புதுப்பியுங்கள். பவர் மேனேஜ்மென்ட் என்ற பகுதி இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த இக்கருவியை நிறுத்தலாம் என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அடிக்கடி அறுந்து போகும் இணைப்பு இதனாலேயே சில சமயம் சரியாகிவிடும்.

நான்கு: ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் உண்டா என்று பாருங்கள். ரவுட்டர் பழையதானால் புதுக் கார்டு வாங்கியும் பயனில்லை.

கார்டு வாங்கும்போது

இங்கேதான் நாம் ஏமாந்தோம். யாரும் நம்மை ஏமாற்றவில்லை. கேட்காமல் வாங்கி நாமே ஏமாந்தோம். புதிதாக ஒரு கார்டு வாங்கிப் பொருத்தினோம். அளவு சரி, திருகும் சரியாக உட்கார்ந்தது. ஆனால் அப்படியொரு கார்டு இருப்பதாகவே லேப்டாப் காட்டவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவை இவை.

முதலாவது, கார்டின் வடிவம். சுமார் 2014க்கு முந்தைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற அகலமான கார்டு இருக்கும். அதற்குப் பிந்தையவற்றில் எம்.2 என்ற வகை. 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. வயர் முனைகளின் அளவும் வேறு. மெலிந்த புதுமாதிரி லேப்டாப்புகள் சிலவற்றில் கார்டைத் தாய்ப்பலகையிலேயே பற்ற வைத்திருப்பார்கள். அதை மாற்ற இயலாது.

இரண்டாவது, உள்வகை. நாம் சிக்கியது இதில்தான். எம்.2 கார்டுகளில் தனித்து இயங்குபவை ஒரு வகை. கார்டின் வேலையில் பாதியை இன்டெல் பிராசசர் பக்கமே விட்டுவிடுபவை இன்னொரு வகை. இதற்கு சிஎன்வி என்று பெயர். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இன்டெல் ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 210 ஆகியவை தனித்து இயங்குபவை. ஏஎக்ஸ் 201, ஏஎக்ஸ் 211 ஆகியவை அதற்கென அமைந்த இன்டெல் லேப்டாப்புகளில் மட்டுமே இயங்கும். ஏஎம்டி பிராசசர் உள்ளவற்றில் இயங்கா. எண்ணில் ஒன்று கூடினால் பொருளே மாறிவிடுகிறது. ஆகவே எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, பூட்டு. சில நிறுவனங்கள் தங்கள் பழைய மாடல்களில், தாங்கள் அனுமதித்த கார்டு தவிர வேறொன்று போட்டால் லேப்டாப் கிளம்பாதபடி பயாஸில் பூட்டு வைத்திருந்தன. மாடல் எண்ணைச் சொல்லி மெக்கானிக்கிடம் முன்பே விசாரியுங்கள்.

நான்காவது, விண்டோஸ். மேலே சொன்ன ஏஎக்ஸ் கார்டுகளுக்கு விண்டோஸ் 10 அல்லது 11 வேண்டும். விண்டோஸ் 7க்கு டிரைவர் கிடையாது.

மாற்றும் முறை

புதுக் கார்டின் டிரைவரைப் பழைய கார்டு இருக்கும்போதே பென் டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு நெட் இருக்காது. கணக்குக் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். வாரண்டி இருக்கும் லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம், விற்றவரிடமே கொடுங்கள்.

லேப்டாப்பை முழுமையாக நிறுத்தி, சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், உள்ளே பொருத்திய பேட்டரியானால் மூடியைத் திறந்ததும் அதன் இணைப்பை எடுத்துவிடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போக, உள்ளே கை வைக்குமுன் தரையோடு இணைந்த வேறொரு உலோகப் பொருளைத் தொடுங்கள். கழற்றும் திருகுகளை ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் வையுங்கள். திருகுகளின் நீளம் ஒன்று போல் இருக்காது. நீளமான திருகைத் தவறான இடத்தில் முடுக்கினால் பலகையைத் துளைத்துவிடும்.

வயர் முனைகளைப் பக்கவாட்டில் இழுக்காமல், நகத்தால் நேர் மேலாகத் தூக்க வேண்டும். கார்டின் திருகை எடுத்ததும் கார்டு தானே சாய்வாக எழும்பும். அதே சாய்வில் உருவ வேண்டும். புதியதை அதே சாய்வில் செருகி, மெல்ல அழுத்தித் திருகை இடுங்கள். பெரும்பாலும் வெள்ளை வயர் முதல் முனைக்கும் கறுப்பு வயர் இரண்டாம் முனைக்கும் உரியவை. கழற்றுமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால் சந்தேகம் வராது. முனையை நேராக வைத்து அழுத்தினால் சின்னதாக ஒரு சொடுக்குச் சத்தம் கேட்கும். நமது லேப்டாப்பில் இரண்டாவது வயரை ஒட்டுநாடாவின் அடியில் சும்மா மடித்து வைத்திருந்தார்கள். ஏழு ஆண்டுகள் அது வேலையில்லாமல் கிடந்திருக்கிறது. கையில் நடுக்கம் உள்ள நம் வயதினர் இதைத் தாமே செய்ய வேண்டாம். அருகில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தால் போதும்.

மாற்றிய பிறகு புளூடூத் பிரிண்டரையும் பார்கோடு ஸ்கேனரையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு கார்டுக்கும் தனி அடையாள எண் உண்டு. அந்த எண்ணைப் பதிவு செய்தே உள்ளே விடும் ரவுட்டரானால், புது எண்ணைப் பதிய வேண்டும். அதே எண்ணை வைத்து உரிமம் தரும் பில்லிங் மென்பொருள்களும் உண்டு. மென்பொருள்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

லாப நட்டக் கணக்கு

கார்டின் விலை புது லேப்டாப் விலையில் மிகச் சிறிய பங்கு. பெட்டியைத் திறக்க மனமில்லாதவர்கள் யுஎஸ்பி துளையில் செருகும் வைஃபை அடாப்டர் வாங்கலாம். 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் லேப்டாப் எல்லா வேலையிலும் மந்தமாக இருந்தால் கார்டு மட்டும் மாற்றிப் பயனில்லை. மேலும் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்பில் வங்கி வேலை, வரி வேலை செய்வது நல்லதல்ல; அதில் பணம் போடுமுன் யோசிக்க வேண்டும். நாமும் அந்த லேப்டாப்பைப் பில் வேலையிலிருந்து எடுத்துவிட்டோம். ஆனாலும் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் நெட்டுக்காக நமது கடையில் ஒரு வண்டிகூட நிற்கவில்லை.

இறுதியாக ஒன்று. கார்டு மாற்றிய அன்று மாலை, முன்பு கடிந்து பேசிய அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னிலையில், "தப்பு உன் மேல் இல்லை தம்பி, எங்கள் மேல்தான்" என்று சொன்னோம். அவர் சிரித்துவிட்டு அடுத்த பில்லைப் போடப் போனார். கருவியின் குறையை ஆளின் குறையாக எண்ணி நல்ல பிள்ளைகளை இழந்துவிடும் கடைகள் உண்டு. கார்டு கடையில் கிடைக்கும். அப்படிப்பட்ட ஆள் கிடைப்பது அரிது. வணிகப் பெருமக்கள் இரண்டையும் கவனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.