மோட்டார் சைக்கிள் ஏன் அதிருகின்றது? – காரணத்தைக் கண்டறியும் முறை



மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அமைதியாக ஓடும் மோட்டார் சைக்கிள், 60 ஐத் தாண்டியதும் ஹாண்டில் நடுங்கத் தொடங்குகின்றது. வேகத்தைக் குறைத்தால் நடுக்கம் நின்றுவிடுகின்றது. "பழைய சைக்கிள்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று சிலர் விட்டுவிடுவர். வேறு சிலர் கராஜுக்குக் கொண்டுபோய் ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களை மாற்றுவர். இரண்டுமே பிழையான வழிகள். முதலாவது வழி உயிருக்கு ஆபத்து. இரண்டாவது பணத்துக்கு நட்டம்.

எமது நாட்டில் 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், பல குடும்பங்கள் தம்மிடம் இருந்த மோட்டார் சைக்கிளையே பழுதுபார்த்துப் பல ஆண்டுகள் ஓடின. தந்தையார் வேலைக்குப் போவதும், தாயார் சந்தைக்குப் போவதும், நீங்கள் மாலை வகுப்புக்கு வருவதும் அந்த ஒரு வாகனத்திலேயே. ஆகவே அது ஏன் அதிருகின்றது என்று அறிவது வீட்டுக்குத் தேவையான அறிவு. விஞ்ஞானப் பாடத்தில் கற்ற மீடிறன், வீச்சம், பரிவு ஆகியன இங்கு நேரடியாகப் பயன்படுகின்றன. தமிழ்மொழிப் பாடத்தில் விளக்கக் கட்டுரை எழுதுவோரும் அறிகுறி, காரணம், சோதனை, முடிவு என்னும் இவ்வொழுங்கைக் கவனிக்கலாம்.

1. அடிப்படை எண்ணக்கருக்கள்

ஒரு பொருள் தன் ஓய்வு நிலையின் இருபக்கமும் திரும்பத் திரும்ப அசைவதே அதிர்வு. ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை மீடிறன். அதன் அலகு ஹேட்ஸ். ஓய்வு நிலையிலிருந்து அசையும் மிகக்கூடிய தூரம் வீச்சம்.

மோட்டார் சைக்கிளில் சுழலும் பாகங்கள் பல உள்ளன. சுழலும் ஒவ்வொரு பாகமும் தன் குறையை ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வெளிக்காட்டும். எனவே, எந்த மீடிறனில் அதிருகின்றது என்று தெரிந்தால் எந்தப் பாகம் குற்றவாளி என்பதை ஊகிக்கலாம்.

2. இரண்டு மீடிறன்கள்

சிறிய மோட்டார் சைக்கிள்களில் 18 அங்குல றிம் பரவலாக உண்டு. டயருடன் சேர்த்து அதன் விட்டம் ஏறத்தாழ 0.6 மீற்றர்.

பரிதி = 3.14 × 0.6 = 1.88 மீற்றர்

மணிக்கு 68 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 18.9 மீற்றர் ஆகும்.

சில்லின் மீடிறன் = 18.9 ÷ 1.88 = ஏறத்தாழ 10 ஹேட்ஸ்

இதே வேளையில் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் சுழல்கின்றது எனக் கொள்வோம்.

எஞ்சினின் மீடிறன் = 6000 ÷ 60 = 100 ஹேட்ஸ்

இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு. செக்கனுக்குப் பத்துத் தடவை ஏற்படும் அசைவைக் கை தனித்தனி உதறலாக உணரும். செக்கனுக்கு நூறு தடவை ஏற்படும் அசைவு உதறலாகத் தெரியாது. வண்டு இரைவதுபோல் உள்ளங்கையில் கூசும், சிறிது நேரத்தில் விரல்கள் விறைக்கும். ஆகவே "உதறுகிறதா, கூசுகிறதா?" என்ற ஒரு கேள்வியே பாதி விடையைத் தந்துவிடும்.

3. வேகம் கூடினால் மட்டும் அதிர்வது ஏன்?

இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

(அ) சமநிலையின்மை: சில்லின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட 30 கிராம் கூடிய திணிவுடையது என்போம். அது அச்சிலிருந்து 0.25 மீற்றர் தூரத்தில் உள்ளது. சில்லு செக்கனுக்கு 10 சுற்றுகள் சுழலும்போது அந்த 30 கிராம் ஏற்படுத்தும் விசை ஏறத்தாழ 30 நியூற்றன். அதாவது, ஏறத்தாழ 3 கிலோகிராம் திணிவுள்ள பொருளொன்றின் நிறைக்குச் சமமான விசை, ஒவ்வொரு சுற்றிலும் சில்லை மேலும் கீழும் முன்னும் பின்னும் இழுக்கின்றது. இவ்விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமானது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். எனவே மணிக்கு 34 கிலோமீற்றரில் ஏழரை நியூற்றனுக்குக் கிட்டவாக இருந்து கவனத்துக்கு வராத குறை, 68 இல் நன்றாகத் தெரிகின்றது.

(ஆ) பரிவு: ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறு விசையே பெரிய ஆட்டத்தைத் தரும். அதுபோல முன்சில்லு, முன்கவர், ஹாண்டில் ஆகியன சேர்ந்த தொகுதிக்கும் ஓர் இயற்கை மீடிறன் உண்டு. சில்லின் மீடிறன் அதனுடன் பொருந்தும்போது வீச்சம் திடீரென அதிகரிக்கும். சில மோட்டார் சைக்கிள்கள் ஒரு குறித்த வேக வீச்சில் மட்டும் நடுங்கி, அதற்கு மேலே சற்று அமைதியடைவது இதனாலேயே. அமைதியடைந்தது என்பதற்காகக் குறை நீங்கிவிட்டது என்று எண்ணக்கூடாது.

எஞ்சின் அதிர்வு முற்றாக இல்லாமற்போகாது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதால் சிறிது அதிர்வு இயல்பானது. பிரித்தானியாவின் நோர்ட்டன் நிறுவனம் 1967 இல் அறிமுகப்படுத்திய 'கொமாண்டோ' மோட்டார் சைக்கிளில், எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின் மீது பொருத்தப்பட்டு அதிர்வு ஓட்டுநரை அடையாது தடுக்கப்பட்டது. இறப்பர் தேய்ந்தால் அதிர்வு திரும்பி வரும். ஆகவே முன்பு இல்லாத அதிர்வு புதிதாக வந்தால் மட்டுமே அது நோயின் அறிகுறி.

4. கேட்கவேண்டிய மூன்று வினாக்கள்

வைத்தியர் மருந்து எழுதுமுன் நோயாளியிடம் கேள்வி கேட்பார். நாமும் சாவியை எடுக்குமுன் பின்வருவனவற்றைக் கேட்க வேண்டும்.

வினா 1: எதனுடன் மாறுகின்றது?
அனுமதிப்பத்திரம் உள்ள ஓட்டுநர், வாகனங்கள் இல்லாத நேரான வீதியில், நடுக்கம் வரும் வேகத்தில் அக்சிலேற்றரை விட்டுக் கிளச்சைப் பிடித்துச் சில செக்கன்கள் உருளவிட வேண்டும். எஞ்சினின் சுழற்சி உடனே குறையும். சில்லின் சுழற்சி குறையாது. நடுக்கம் தொடர்ந்தால் காரணம் சில்லுப் பக்கம். நடுக்கம் நின்றால் காரணம் எஞ்சின் பக்கம், அல்லது இழுவையின்போது மட்டும் குறைகாட்டும் செயின்.

வினா 2: எங்கே உணரப்படுகின்றது?
ஹாண்டிலில் என்றால் முன்சில்லையும் ஹாண்டில் பெயாரிங்கையும் பார்க்க வேண்டும். இருக்கையில் என்றால் பின்சில்லையும் செயினையும் பார்க்க வேண்டும். கால்மிதியில் கூசினால் எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும்.

வினா 3: எப்போது தொடங்கியது?
டயர் மாற்றிய பின்னரா, குழியில் விழுந்த பின்னரா, செயின் இறுக்கிய பின்னரா? கடைசியாகக் கைவைத்த இடமே முதலில் பார்க்கவேண்டிய இடம்.

5. நின்ற நிலையில் செய்யும் சோதனைகள்

இவற்றை எஞ்சின் நிறுத்தப்பட்ட நிலையில், மோட்டார் சைக்கிளை டபிள் ஸ்ராண்டில் நிறுத்தி, கியரை நியூட்றலில் வைத்துச் செய்ய வேண்டும். எஞ்சின் ஓடும்போது செயினுக்கோ சில்லுக்கோ அருகில் கையையோ துணியையோ கொண்டுபோகக் கூடாது. செயினுக்கும் பற்சில்லுக்கும் இடையில் அகப்பட்ட விரல் துண்டிக்கப்படும். செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குச் செல்வதே ஒழுங்கு.

(1) காற்றமுக்கம்: கைநூலில் கூறிய அளவு உண்டா? இதற்குச் செலவே இல்லை.

(2) டயர்: புடைப்பு, வெடிப்பு, ஒருபக்கத் தேய்வு உண்டா? டயரின் ஓரத்தில் றிம்மைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். அக்கோடு ஓரிடத்தில் றிம்முக்குள் அமிழ்ந்திருந்தால் டயர் சரியாக அமரவில்லை.

(3) றிம்: முன்கவரில் ஒரு பென்சிலைப் பிடித்து அதன் நுனியை றிம்முக்கு அருகில் வைத்துச் சில்லைக் கையால் மெதுவாகச் சுழற்றவும். இடைவெளி கூடிக்குறைந்தால் றிம் வளைந்துள்ளது. பொதுவாக 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் திருத்த வேண்டும்.

(4) கம்பிகள்: ஒவ்வொரு கம்பியையும் சிறிய சாவியால் தட்டவும். இறுகிய கம்பி கணீரென ஒலிக்கும். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். இழுவை கூடினால் மீடிறன் கூடும் என்று வீணையின் நரம்பில் கற்ற அதே விதிதான்.

(5) சமநிலை: முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்திச் சுழற்றி விடவும். சில்லு நிற்கும்போது அடியில் வரும் இடத்தைச் சோக்கினால் குறிக்கவும். மூன்று தடவையும் அதே இடம் அடியில் வந்தால் அதுவே பாரமான பக்கம். எதிர்ப்பக்கத்தில் சிறு ஈயக்கட்டி பொருத்திச் சமப்படுத்துவர்.

(6) பெயாரிங்: சில்லின் மேற்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் பிடித்துக் குறுக்காக ஆட்டவும். ஆட்டம் தெரிந்தால் சில்லுப் பெயாரிங் தேய்ந்திருக்கலாம். பின்னர் சைக்கிளை நிலத்தில் நிறுத்தி முன்பிறேக்கைப் பிடித்தபடி முன்னும் பின்னும் அசைக்கவும். ஹாண்டிலின் கழுத்தில் "டக்" என்று தட்டினால் அங்குள்ள பெயாரிங் தளர்ந்துள்ளது.

(7) செயின்: பின்சில்லைக் கையால் சிறிது சிறிதாகத் திருப்பி ஒவ்வோரிடத்திலும் செயினின் தொய்வைப் பார்க்கவும். ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தொய்ந்தால் செயின் சீரற்றுத் தேய்ந்துள்ளது. இருபக்கச் சரிப்படுத்திகளிலும் உள்ள குறிகள் ஒரே அளவில் இல்லாவிட்டால் பின்சில்லு சரிந்து நிற்கின்றது.

(8) நட்டுகள்: அச்சு நட்டும் எஞ்சின் போல்ட்டுகளும் இறுக்கமாக உள்ளனவா? ஒரு தளர்ந்த அச்சு நட்டு உயிரைப் பறிக்கக்கூடியது.

6. ஓர் எடுத்துக்காட்டு

ஒருவரின் மோட்டார் சைக்கிள் 60 இற்கு மேல் ஹாண்டிலில் உதறுகின்றது. கிளச்சைப் பிடித்தாலும் உதறல் நிற்பதில்லை. இரண்டு கிழமைக்கு முன் முன்டயர் மாற்றப்பட்டது. இப்போது நியாயத்தைப் பாருங்கள். உதறல் என்பதால் மீடிறன் குறைவு. கிளச்சைப் பிடித்தும் நிற்காததால் எஞ்சின் அல்ல. ஹாண்டிலில் தெரிவதால் முன்பக்கம். டயர் மாற்றிய பின் தொடங்கியதால் முதலில் பார்க்க வேண்டியது டயர் அமர்ந்த விதமும், பொருத்திய அச்சு நட்டும், சில்லின் சமநிலையும். இந்நிலையில் எஞ்சினைக் கழற்றுவது வீண் செலவு. ஹாண்டில் பெயாரிங்கை மாற்றுவதும், (6) ஆம் சோதனையில் குறை தெரிந்தால் மட்டுமே.

7. ஓடும்போது கடும் நடுக்கம் ஏற்பட்டால்

முன்பிறேக்கைப் பலமாகப் பிடிக்கக் கூடாது. முன்சில்லில் பாரம் கூடி நடுக்கம் மோசமடையலாம். அக்சிலேற்றரை மெதுவாகக் குறைத்து, ஹாண்டிலை உறுதியாக, ஆனால் விறைத்துப் போகாமல் பிடித்து, வேகம் தானாகக் குறைந்ததும் ஓரமாக நிறுத்த வேண்டும். பின்புறம் ஏற்றிய அதிக பாரமும் முன்சில்லை இலேசாக்கி நடுக்கத்தைத் தூண்டும். காரணம் அறியாமல் மீண்டும் அவ்வேகத்தில் ஓடக்கூடாது.

நினைவிற் கொள்க

உதறினால் சில்லு, கூசினால் எஞ்சின். வேகம் இரு மடங்கு, விசை நான்கு மடங்கு. முதலில் வினா, பின்னர் சோதனை, கடைசியில் மாற்றீடு.

பயிற்சி

1. பரிதி 1.8 மீற்றர் உடைய சில்லொன்று மணிக்கு 64.8 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. அதன் மீடிறன் யாது? (விடை: 10 ஹேட்ஸ்)

2. நிமிடத்துக்கு 4800 சுற்றுகள் சுழலும் எஞ்சினின் மீடிறன் யாது? (விடை: 80 ஹேட்ஸ்)

3. கிளச்சைப் பிடித்ததும் அதிர்வு நின்றால், சில்லின் சமநிலையின்மை காரணமல்ல என எவ்வாறு கூறலாம்? (விடைக்குறிப்பு: சில்லின் சுழற்சி மாறவில்லை; எனவே சில்லு காரணமாயின் அதிர்வு தொடர்ந்திருக்கும்.)

4. உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளில், பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, (1), (2), (4) ஆகிய சோதனைகளைச் செய்து, நீங்கள் கண்டவற்றை ஐந்து வசனங்களில் எழுதுக.