மைலேஜ்... பாதி வண்டியில், பாதி பராமரிப்பில்!

பால் கேன், தீவன மூட்டை, பின்னால் ஓர் ஆள் என ஓடும் கிராமத்து வண்டிக்கு வேகத்தைவிட இழுவைதான் முக்கியம். ஹோண்டா ஷைன் 125 போன்ற பைக்குகள் விவசாயிகளுக்குக் கைகொடுப்பது இதனால்தான். 123.94 சி.சி இன்ஜின், சுமார் 11 நியூட்டன் மீட்டர் இழுவிசை இருப்பதால், சுமையோடு மேடு ஏறும்போது 100 சி.சி வண்டி அளவுக்குத் திணறாது. சீட் நீளமானது; இருவர் தாராளமாக உட்காரலாம்.

ஆனால், பெட்ரோல் செலவு பராமரிப்பைப் பொறுத்தது. மாதம் 900 கி.மீ ஓடும் வண்டி லிட்டருக்கு 60 கி.மீ கொடுத்தால் 15 லிட்டர் போதும். அதுவே 50 கி.மீ-ஆகக் குறைந்தால் 18 லிட்டர் தேவை. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும், வருஷத்துக்கு 3,600 ரூபாய் கூடுதல் செலவு.

காற்று குறைந்த டயர், தொய்ந்த செயின், தூசி அடைத்த ஏர் ஃபில்டர், உரசிக்கொண்டே சுற்றும் பிரேக்... மைலேஜைத் தின்பவை இவைதான். வாரம் ஒருமுறை, டயர் சூடாகும் முன்பே காற்றைச் சரிபாருங்கள். மண் சாலையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரைச் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும்.

உண்மையான மைலேஜ் தெரிய, டேங்க்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 200 கி.மீ ஓட்டியபின், அதே பங்க்கில் மீண்டும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைக்கும். மாதம் ஒருமுறை இதைக் குறித்து வந்தால், மைலேஜ் குறையும்போதே தெரிந்துவிடும்.