சருகுத் தீ

பெங்களூரின் ஜக்கூர் பக்கம் 'ஏட்ரீ' என்றொரு சூழலியல் ஆய்வு நிறுவனம் 1996இல் தொடங்கப்பட்டது. அதன் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் போய்வரும் காடு, சாமராஜநகர் மாவட்டத்து பிலிகிரிரங்கன் மலை. டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், அந்தக் காட்டில் ஒரு செடியைப் பின்தொடர்ந்து போவோம்.

மலையின் பூர்வகுடிகள் சோளிகர். 'சோளகர் தொட்டி' நாவல் வழியாக நமக்குத் தெரிந்த சோளகர்தான். மழை ஓய்ந்து புல் காயத் தொடங்கும் ஜனவரி வாக்கில் அவர்கள் சருகுக்குத் தீ வைத்துவந்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'தரகு பெங்கி', சருகுத் தீ. 1974இல் காடு சரணாலயமானது. சரணாலயத்தில் தீ வைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்வானேன்? ஏப்ரல் மாதக் காட்டுத்தீயைப் பார்த்த எவரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

சருகுத் தீ நின்றது. பிறகு உண்ணிச்செடி பெருகியது. வெள்ளைக்காரர் காலத்தில் அழகுச்செடியாக வந்து, தோட்டத்து வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் புகுந்த செடி அது. தீ எரிந்த இடத்தில் உண்ணி முளைக்கும், அடர்ந்த உண்ணி அடுத்த தீயை வளர்க்கும் என்ற கருதுகோளை 2005இல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். சோளிகரோ நேரெதிராகச் சொன்னார்கள்: தீ நின்றதால்தான் உண்ணி வந்தது.

இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்கும் என்று தோன்றும். நாம் எல்லோரும் வழுக்கும் இடம் இதுதான். காட்டுத்தீ என்றால் ஒரே தீ என்று நினைத்துவிடுகிறோம். தினமும் பெருக்கும் வாசலில் ஒரு கைப்பிடிக் குப்பைதான் சேரும். பத்து வருடம் பெருக்காத வாசலில் மலையே சேரும். ஆண்டுதோறும் ஜனவரியில் வைக்கிற தீ, பாதி ஈரமிருக்கும் தரையில் தவழ்ந்துபோகும். சருகையும் இளநாற்றுகளையும் கருக்கும், பெரிய மரத்தை விட்டுவிடும். பல வருடம் தீயே காணாமல் உண்ணி ஆளுயரம் மண்டியபின் ஏப்ரலில் பிடிக்கிற தீ, அந்தப் புதரையே ஏணியாக்கி மர உச்சிக்கு ஏறும். ஆய்வாளர் பேசியது ஒரு தீயைப் பற்றி, சோளிகர் பேசியது இன்னொன்றைப் பற்றி.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? காட்டில் 1997இல் அளவிட்ட மாதிரித் திட்டுகளை 2008இல் மறுபடி அளந்தார்கள். உண்ணி இருந்த திட்டுகள் ஏறக்குறைய இருமடங்காகியிருந்தன. பரவிய வேகத்தை அளவீடு காட்டிவிட்டது. ஆனால் சருகுத் தீ நின்றது அதற்கெல்லாம் முன்பு. அப்போது அங்கே உண்ணியை எண்ணியவர் யாருமில்லை. அந்தக் காலத்துக்கு இருக்கிற பதிவேடு சோளிகர் நினைவுதான். ஆய்வாளர்கள் அவர்களிடம் விரிவாகக் கேட்டு 2012இல் வெளியிட்டார்கள். பழங்குடி அறிவு என்றதும் பச்சிலைப் பட்டியலைத் தேடுகிற நமக்கு இது கொஞ்சம் புதிது. எந்தச் செயல் எதை உண்டாக்கியது என்று அவர்கள் சொன்னார்கள். அறிவியல் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

இந்த அறிவுக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. இந்தக் காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட 2011லேயே, அக்டோபரில், வன உரிமைச் சட்டப்படி சோளிகரின் சமூக உரிமைகளும் ஏற்கப்பட்டன. நாட்டில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்குள்ள உரிமையும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

அப்படியானால் நாளையே தீ வைத்துவிடலாமா? கூடாது. இன்று உண்ணி மண்டிய இடத்தில் ஜனவரித் தீயும் ஏப்ரல் தீயாகிவிடும். முதலில் உண்ணியை வேரோடு பிடுங்க வேண்டும். மீண்டும் முளைப்பதை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் போய்ப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய தண்டை வேகவைத்து, பட்டையுரித்து, வளைத்து நாற்காலி செய்யலாம். மாதேஸ்வரன் மலைப் பக்கம் செய்கிறார்கள்.