ஆயிரம் கிலோ பரங்கியும் திருப்போரூர் மணலும்

2025 அக்டோபரில் இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு அருகே உள்ள ஒரு நாற்றுப்பண்ணையில் ஒரு பரங்கிக்காயை எடை போட்டார்கள். 1,278.8 கிலோ. பேட்டன் என்ற இரட்டைச் சகோதரர்கள் வளர்த்த அந்தக் காய்தான் உலக சாதனை. நம்மூரில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 ரகப் பரங்கி 7, 8 கிலோ வரை வரும். கோ 2 என்றால் இரண்டு கிலோவைத் தாண்டாது.

விதை ஒரு காரணம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ‘அட்லாண்டிக் ஜெயன்ட்’ ரகத்தின் வழிவந்தவைதான் இன்று போட்டிக்கு வரும் ராட்சதக் காய்கள். ஒரு கொடியில் ஒரே ஒரு காயை விட்டு, மற்ற பிஞ்சுகளைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். குளிர்ந்த இரவுகளும் நீண்ட பகல்களும் அந்த ஊர்களின் கொடுப்பினை. கத்தரி வெயிலில் நண்பகலிலேயே இலை துவண்டுபோகும் நம் கடற்கரையில் அந்த எடையை எதிர்பார்ப்பது வீண். ஆனால் அவர்கள் தண்ணீர் விடும் முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

பரங்கிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ராட்சதக் காய் வேகமாகப் பெருக்கும் நாட்களில் ஒரே நாளில் 20 கிலோ கூடும். அந்த நேரத்தில் மண் நான்கு நாள் காய்ந்து, ஐந்தாம் நாள் வெள்ளமாகத் தண்ணீர் வந்தால் தோல் தாங்காது, வெடித்துவிடும். எனவே அவர்கள் அளவைவிடச் சீரைத்தான் கவனிக்கிறார்கள். தினமும் ஒரே மாதிரி ஈரம், கொடி படர்ந்த பரப்பு முழுவதும். கொடியின் கணுக்களை மண்ணால் மூடிவிடுவதால் கணுவுக்குக் கணு வேர் இறங்கும். அடித்தண்டில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் அந்த வேர்களுக்கு ஒன்றும் எட்டாது.

இதைத் திருப்போரூருக்குக் கொண்டுவந்தால் முதலில் கேட்க வேண்டியது, நிலம் எந்தப் பக்கம் என்பதுதான். பழைய மாமல்லபுரம் சாலைக்கு மேற்கே தையூர், மானாமதி போன்ற ஏரிகளின் ஆயக்கட்டு. கிழக்கே போனால் உப்பங்கழி, உப்பளம், பக்கிங்ஹாம் கால்வாய். அதையும் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணல். சில கிலோமீட்டருக்குள் களியும் மணலும் உப்பும் அடுத்தடுத்து வருகிற இடத்தில் எல்லோருக்கும் ஒரே பாசன முறையைச் சொல்வது சரியாக வராது.

ஏரிப்பாசனக் களியில் பிரச்சினை குறைவு. பரங்கி விதைக்க ஏற்றவை ஆடிப்பட்டமும், நெல் அறுத்த பின் வரும் மார்கழி, தை மாதங்களும். இரண்டு மீட்டர் இடைவெளியில் குழி எடுத்து, இடையே சால் ஓட்டி, சாலில் மட்டும் தண்ணீர் விட்டு, கொடியை மேட்டில் படரவிடுவது பழைய வழக்கம். சொந்த வீட்டுக்கும் பக்கத்துச் சந்தைக்கும் 20 சென்ட் போடுகிறவருக்கு இதுவே போதும். வயல் முழுக்கப் பாய்ச்சி நிறுத்துவது மட்டும் கூடாது. ஈரத்தில் கிடக்கும் காய் அடிப்பக்கம் அழுகும். காய்க்கு அடியில் வைக்கோலோ பனை ஓலையோ போடச் சொல்வது இதற்காகத்தான்.

மணலில் கணக்கே வேறு. ஓர் அடி ஆழ மணல், செடி எடுத்துக்கொள்ளும்படி 25 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீரைப் பிடித்துவைக்காது. களி அதைப்போல் இரண்டு மடங்கு வைத்திருக்கும். கோடையில் நன்றாகப் படர்ந்த கொடி ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் குடிக்கும். இருப்பில் பாதி தீர்ந்தாலே கொடி வாடத் தொடங்குவதால், மணலில் இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது தண்ணீர் வேண்டும். வாய்க்காலில் விட்டால் முதல் மடையிலேயே பாதி இறங்கிவிடும். கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள் மோட்டார் ஓடிக் களைத்துவிடும். இலவச மின்சாரம் இருப்பதால் இந்த விரயம் கண்ணில் படுவதில்லை.

ஆகவே மணலுக்குச் சொட்டுநீர்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் குழியின் பரப்பு நான்கு சதுர மீட்டர். 5 மில்லிமீட்டருக்கு 20 லிட்டர். மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் இரண்டு வைத்தால் இரண்டரை மணி நேரம். அதைக் காலையும் மாலையுமாகப் பிரித்து விடுவது நல்லது, ஏனென்றால் மணலில் ஒரே மூச்சில் விட்ட தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேராக வேருக்குக் கீழே போய்விடும். ஒரே பெரிய காய்க்கு ஆசைப்பட்டு ஒரு கொடிக்கு ஒன்பது மீட்டருக்கு ஒன்பது மீட்டர் இடம் ஒதுக்குகிறவருக்கு இதே கணக்கில் நாளுக்கு 400 லிட்டர் ஆகும். அவர் அடித்தண்டில் ஒரு டிரிப்பரோடு நிறுத்தாமல், கொடி போகும் திசையெல்லாம் லேட்டரல் குழாய் வரிசைகளை இழுக்க வேண்டும்.

மேலிருந்து தண்ணீர் தூவும் ரெயின் ஹோஸ் குழாய் மலிவு, போடுவது சுலபம். நிலக்கடலைக்கும் கீரைக்கும் அது சரி. பரங்கிக்கு வேண்டாம். பரங்கிப் பூ விடியலில் மலர்ந்து முற்பகலுக்குள் கூம்பிவிடும். தேனீ வேலை செய்யும் அந்தச் சில மணி நேரத்தில் மேலிருந்து தண்ணீர் அடித்தால் மகரந்தம் நனைந்து கெடும், பிஞ்சு பிடிக்காது. நனைந்த இலையில் அடிச்சாம்பல் நோயும் வரும். கிணற்றில் கொஞ்சம் உப்பு இருந்தால், இலை மேல் விழுந்து காய்கிற ஒவ்வொரு துளியும் ஓரத்தைக் கருக்கும்.

இந்த உப்புதான் கடற்கரை விவசாயியின் உண்மையான தலைவலி. கரையோர மணலுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர், கனமான கடல்நீரின் மேல் எண்ணெய்போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு அது கடல்நீரைத் தள்ளிவைத்திருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு அத்தனை தூரம் ஏற வழி விடுகிறோம். ஆழ்துளை போட்டு வேகமாக உறிஞ்சுவதைவிட, ஆழமில்லாத கிணற்றிலிருந்து மெல்ல எடுத்துச் சொட்டாக விடுவது இங்கே பாதுகாப்பு. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை சென்னைக்காக ஓடுகிறது. பரங்கித் தோட்டத்துக்கு அந்தச் செலவு கட்டாது.

சொட்டுநீர் உப்பை இல்லாமல் ஆக்கிவிடாது. ஈர வட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளிவைக்கும், அவ்வளவுதான். தரையில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தால் அதுதான் இது. மழை லேசாகத் தூறினால் அந்த உப்பு கரைந்து வேருக்கே திரும்பி வரும். தூறல் நாளில் மோட்டாரை நிறுத்துவது எல்லோரும் செய்வது. உப்புத் தண்ணீர்த் தோட்டத்தில் அன்றைக்குத்தான் ஓடவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை மொத்த உப்பையும் கீழே கழுவிவிடும்.

குழாய் வாங்க வசதி இல்லாதவருக்கும் வழி உண்டு. ஹரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் மண்பானைப் பாசனத்தைச் சோதித்துப் பார்த்தது. சுட்ட பானையைக் கழுத்துவரை புதைத்து, சுற்றிலும் விதை போட்டு, பானையை நிரப்பி மூடிவைப்பார்கள். மண் காயக் காய நீர் கசியும், ஈரமானால் கசிவு குறையும். பூசணிக் குடும்பக் கொடிகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. பத்து இருபது குழிகளுக்கு மேல் போனால் குடம் தூக்கும் வேலை ஆளைச் சாய்த்துவிடும் என்பது வேறு விஷயம்.

சொட்டுநீர் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. ஏரித் தண்ணீரிலும் திறந்த கிணற்றிலும் பாசி வரும். மணல் வடிகட்டி இல்லாவிட்டால் டிரிப்பர் அடைத்துக்கொள்ளும். கடினத் தண்ணீர் சுண்ணாம்பாகப் படியும், அவ்வப்போது அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். கோடையில் எலியும் அணிலும் தாகத்துக்குக் குழாயைக் கடித்து வைக்கும்.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவீத மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கிடைக்கிறது. சிட்டா, அடங்கல், ஆதார், சிறு குறு விவசாயி சான்றிதழுடன் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு முன் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப்போய் உப்பளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். சோதனையைச் சித்திரையிலோ வைகாசியிலோ செய்யுங்கள். மழைக்காலத்துத் தண்ணீர் எந்தக் கிணற்றிலும் நல்லதாகத்தான் இருக்கும்.